தொட்டியில் தூசி

சிட்டிபாபு மாங்கூழ் ஃபாக்டரியில் வேலை பார்த்த காலத்தில், அவன் கண்ணுக்குத் தப்பிய கரும்புள்ளி கிடையாது என்று பேர் வாங்கியிருந்தான். சீசனில் தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். கழுவி, அரைத்து, சல்லடை தாண்டி வரும் கூழில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் வழித்துப் பார்ப்பது அவன் வேலை. தோல் துணுக்கோ காம்புப் பொடியோ கடுகில் பாதி தென்பட்டாலும் லைனை நிறுத்தச் சொல்லிவிடுவான். மேனேஜர் வந்து குனிந்து பார்த்து, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றால், ஊசி முனையால் தொட்டுக் காட்டுவான். கல்யாணமான நாளிலிருந்து ஷோபா இதையெல்லாம் கேட்டவள். அரிசியில் கல் இருக்கிறதா, சட்டையில் கறை போயிற்றா, வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவாள்.

சர்க்கரை முதலில் அவன் காலைப் பிடித்தது. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஈரத்தரையில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. வேலையை விட்டான். அதே வருஷம் மகள் பவ்யா திருப்பதியில் டிகிரி சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். ஷோபா ஆந்திர அரசின் ஆர்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டர். சித்தூர் – திருப்பதி எக்ஸ்பிரஸ். விடிந்ததும் கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். சித்தூர் கிரீம்ஸ்பேட்டை வீட்டில் டி.வி.யையே வெறித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பவ்யாதான் ஒரு லீவில் வந்தபோது அந்த மீன்தொட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். மூன்றடித் தொட்டி. அதில் ஆறு தங்கமீன்கள்.

தொட்டியின் தலைமேல் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை ஏற்றி அதில் ஊற்றும். பெட்டிக்குள் முதலில் வெள்ளைப் பஞ்சு, அடுத்து முரட்டு ஸ்பாஞ்ச், கடைசியில் பீங்கான் வளையங்கள். இவ்வளவையும் கடந்துதான் தண்ணீர் மறுபடி தொட்டியில் விழும். சிட்டிபாபுவுக்கு மீன்களைவிட அந்தப் பெட்டி பிடித்துப்போயிற்று.

“நம்ம சல்லடை மாரியே கீது பாரு ஷோபா. மேல பஞ்சு ஒழுங்கா இருந்தாதான் கீழ எல்லாம் ஒழுங்கா இருக்கும்” என்பான்.

பஞ்சைக் கழுவும் வேலை மட்டும் ஷோபாவிடம் வந்து சேர்ந்தது. ஸ்டூல்மேல் ஏறிப் பெட்டியைத் திறக்க அவன் கால் ஒத்துழைக்காது. தங்கமீன் தின்கிற தீனிக்கும் போடுகிற கழிவுக்கும் வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று பவ்யா சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அதையும் ஒரு அலசு அலசிப் பிழிந்து வைத்துவிடுவாள். அதொன்றும் பெரிய பாரமாகத் தெரியவில்லை.

சங்கராந்தி கழிந்த பிறகுதான் தொந்தரவு தொடங்கியது.

ஒருநாள் அவள் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை. “தண்ணியில தூசி மிதக்குது. பஞ்ச எடுத்துக் கழுவு” என்றான் சிட்டிபாபு.

“ஞாயித்துக்கெழம தான கழுவனேன்?”

“கழுவனியோ இன்னாவோ. பாரு, கருப்பு கருப்பா சுத்திக்கினு கீது.”

அவள் பார்க்கவில்லை. தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். காலையிலிருந்து நின்ற கால் கொப்பளித்ததுபோல் எரிந்தது. பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததிலிருந்து பஸ்ஸில் ஊசி குத்த இடமில்லை. ஆதாரைக் காட்டு, உள்ளே நகரு, படியில் நிற்காதே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. காணிப்பாக்கம் கிராஸில் ஏறுகிறவர்களும் சந்திரகிரியில் இறங்குகிறவர்களும் ஒரே படியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் போய் வந்துவிட்டு வீட்டிலும் ஒரு வாக்குவாதத்துக்கு அவளிடம் தெம்பில்லை.

“ஆமா, கீது” என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அதன்பின் வாரம் ஒருமுறை என்பது இரண்டாயிற்று. பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். சங்கதி எப்போதும் ஒன்றுதான். தூசி மிதக்கிறது, நூல் மாதிரி ஏதோ நெளிகிறது, புகை போலப் படர்கிறது. அவள் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்பாள். ஆமாம் என்றால் பஞ்சைக் கழுவுவதோடு போயிற்று. இல்லை என்றால் அவன் எழுந்து நொண்டிக்கொண்டே வந்து, கண்ணாடியில் விரல் வைத்து, இங்கே பார் அங்கே பார் என்று ஆரம்பித்துவிடுவான். சோறு ஆறிப்போகும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ரேஷ்மா என்பவளின் மீன் கடை இருந்தது. வண்டி கிளம்ப இடைவெளி கிடைக்கும்போது, டீ குடிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு ஷோபா அங்கே ஓடுவாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாத்ரிகர்களையும் லட்டுப் பைகளையும் விலக்கிக்கொண்டு போய், பஞ்சு கொடு என்பாள். சாதாரணப் பஞ்சில் தூசி நிற்கவில்லை என்று சிட்டிபாபு சொன்னதும் இன்னும் மெல்லியது கேட்டாள். அதுவும் போதவில்லை என்றதும் அட்டை மாதிரி கெட்டியாக இருக்கும் ஒரு ரகம். அதைக் கடைசியில் இரண்டு மடிப்பாக மடித்து வைக்கச் சொன்னான். பெட்டிக்குள் விரல் நுழைய இடமில்லை. தொட்டியில் கொட்டும் தண்ணீர் சத்தம், முன்பு வாசல் வரைக்கும் கேட்டது, இப்போது பக்கத்தில் போனால்தான் கேட்டது. வீட்டில் ஒரு சத்தம் குறைந்ததே என்றுதான் அவளுக்குப் பட்டது.

மாசி வெயில் ஏறத் தொடங்கியபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஒரு காலை, எல்லாவற்றிலும் பெரிய மீன் மல்லாந்து மிதந்தது.

“பாத்தியா? அழுக்குதான் கொன்னுட்ச்சி” என்றான் சிட்டிபாபு. அவன் குரல் உடைந்திருந்தது. “பஞ்சு மட்டும் கழுவனா பத்தாது. உள்ள கீற வளையக் கல்லு, ஸ்பாஞ்சு, எல்லாத்தையும் எடுத்துக் கழுவு.”

அன்று அவளுக்கு வீக்லி ஆஃப். ஒரு நாளாவது மதியம் படுக்கலாம் என்று நினைத்திருந்தாள். பாத்ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியில் இருந்த அத்தனையையும் குழாயடியில் போட்டுத் தேய்த்தாள். முனிசிபாலிட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது. பீங்கான் வளையங்களை ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டு வெள்ளை வெளேரென்று ஆக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது கண் இருட்டியது.

அந்த வாரமே இன்னும் இரண்டு மீன்கள் செத்தன.

கடைசியாகச் செத்த மீனை அவள் முறத்தில் எடுத்தபோது, சிட்டிபாபு தட்டிலிருந்த களியைத் தொடாமல் எழுந்துவிட்டான். “நீ ஏனோதானோன்னு கழுவற. மனசு வெச்சிக் கழுவல” என்றான்.

ஷோபாவுக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கி வந்தது. “இன்னும் எப்படி மனசு வெக்கறது? ஊட்டுக்கு வந்தா பஞ்சு, தூங்கப் போனா பஞ்சு. பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கறப்பகூட எனக்குப் பஞ்சு ஞாபகம்தான் வருது. நான் மனுஷியா இல்லியா?”

அவன் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். அவளுக்குச் சண்டையைத் தொடர ஆசையும் இல்லை, சமாதானம் செய்ய வலுவும் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு காலி வாட்டர் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை முகந்து மூடிபோட்டுத் தன் டியூட்டிப் பைக்குள் வைத்தாள். நாளைக்கு ரேஷ்மாவிடம் காட்டிவிடுவது. அவளும் அழுக்கு என்றால் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவது. அந்த எண்ணமே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ரேஷ்மா பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்குள் போய் ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, மருந்து இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினாள். தண்ணீர் பச்சையாக மாறியது.

“அக்கா, தண்ணி கண்ணாடியாட்டம் கீது. ஒரு தூசி இல்ல. ஆனா விஷம் ஏறிக்கினு கீது. பெட்டியில இன்னா இன்னா வெச்சிருக்க, சொல்லு?”

ஷோபா சொன்னாள். பிரஷ் போட்டுத் தேய்த்ததையும் சொன்னாள். ரேஷ்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“அய்யோ, அந்தக் கல்லு மேல வழவழன்னு இருக்குமே, அதான் மீனோட கழிவைத் துன்னு தீக்குற நல்ல கிருமி. குழாத் தண்ணியில போட்டா எல்லாம் செத்துப் போகும். எனக்கும் ஆரம்பத்துல தொட்டி தொட்டியா செத்த அப்பாலதான் புரிஞ்சுது.”

“அப்ப பஞ்சு எதுக்கு விக்கற?”

“பஞ்சு தப்பில்லக்கா. தண்ணி பளிச்சின்னு இருந்தா நம்ம கண்ணுக்கு அழகு. மீனுக்கு அதுல பெரிசா ஒண்ணுமில்ல. பஞ்சு புடிச்ச குப்ப எங்க போகும்? நீ எடுத்துக் கழுவற வரைக்கும் அந்தத் தண்ணியிலதான் ஊறிக்கினு கெடக்கும். தங்கமீன் ரொம்பக் குப்ப போடும், அதனால முரட்டு ஸ்பாஞ்சு ஒண்ணு வோணும். அந்த அட்டைய மடிச்சி மடிச்சி அடைச்சா தண்ணியே ஓடாது. மீனு மூச்சு முட்டிதான் மேல வந்திருக்கும்.”

“இத்தினி நாளா பஞ்சு வாங்கறனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நீ நின்னு எப்பக்கா பேசன? வண்டி எடுத்துடுவாங்க, வண்டி எடுத்துடுவாங்கன்னு ஓடுவ.” ரேஷ்மா சிரிக்கப் பார்த்தாள், ஷோபாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “அது சரி, இவ்வளவு தெளிவா கீற தண்ணியில தூசி கீதுன்னு யாரு சொன்னாங்க?”

அன்று திரும்பும் டிரிப்பில் ஷோபா ஒருவருக்கு இரண்டு டிக்கெட் அடித்துவிட்டாள். பூதலப்பட்டில் இறங்க வேண்டிய ஒரு கிழவரை மறந்து, அவர் கத்தின பிறகுதான் விசில் ஊதினாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று தெலுங்கில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அவளுக்குப் பையிலிருந்த பாட்டிலின் நினைப்பாகவே இருந்தது. அவன் பார்வையைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஊரே சாட்சி சொன்ன கண் அது. தனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிகிறது என்றால், தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருந்தாள். அப்படிக்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் பார்க்கவே இல்லை. இத்தனை மாதத்தில் பஞ்சைப் பார்த்திருக்கிறாள், குழாயைப் பார்த்திருக்கிறாள். தண்ணீரை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை இறக்கி வைத்து, பாட்டிலை எடுத்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உள்சுவர் வரைக்கும் வந்திருந்தது. சிட்டிபாபு நாற்காலியில் இருந்தான்.

“இந்தா, இத பாரு. இதுல தூசி கீதா?”

“கீது” என்றான் உடனே.

“எங்க? காட்டு.”

அவள் பாட்டிலை வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்தாள். அவன் வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டி, “இதோ, இங்க, இப்ப கீழ எறங்குது பாரு” என்றான். விரல் எதையோ பின்தொடர்ந்து நகர்ந்தது. ஷோபா பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவன் விரல் நகர்வதை நிறுத்தவில்லை. வெறும் சுவரில், ஒன்றுமில்லாத இடத்தில், இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, அப்புறம்தான் நின்றது.

அவன் கையை மடியில் போட்டுக்கொண்டான். வெளியே யாரோ தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். இருவரும் அசையவில்லை.

“செவுத்துலயும் தெரியுதா?” என்று கேட்டாள்.

“ம்.”

“எப்பலேர்ந்து?”

“மொதல்ல தொட்டியிலதான்னு நெனச்சேன். சத்தியமா.” அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். “அப்பால ஒருநாள் ஆகாசத்துல தெரிஞ்சுது. டி.வி.யில தெரிஞ்சுது. வலது கண்ண மூடிக்கினா தூசி ஒண்ணும் தெரியல. வலது கண்ணுலதான்.”

“தெரிஞ்சும் என்னைக் கழுவச் சொன்னியா?”

“ஆஸ்பத்திரின்னு போனா இன்னா ஆவும்? புண்ணுன்னு போனேன், வெரலை எடுத்துட்டான். இப்ப கண்ணைக் காட்டனா?” அவன் தொட்டிப் பக்கம் கை காட்டினான். “தொட்டியில இருந்தா நீ கழுவிடுவ. கண்ணுல இருந்தா யாரு கழுவறது? அதனால தொட்டியிலதான் கீதுன்னு வெச்சிக்கினேன்.”

ஷோபா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. உடம்பு அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

“நீயும் கீதுன்னு தான சொன்ன?” என்றான் அவன் மெதுவாக. குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலக் கேட்டான். “ஒவ்வொரு வாட்டியும் ஆமா கீதுன்ன. ஷோபாவுக்கும் தெரியுது, அப்ப பயம் இல்லன்னு நெனச்சிக்குவேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும்.”

ஷோபா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியிலிருந்த கெட்டி அட்டையையும் வெள்ளைப் பஞ்சையும் வாரி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். முரட்டு ஸ்பாஞ்சும் வளையங்களும் மட்டும் இருந்தன. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் மடமடவென்று கொட்டியது. மிச்சமிருந்த மூன்று மீன்களும் விழுகிற தண்ணீருக்குக் கீழே போய் நின்றன. பிறகு பவ்யாவுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, தான் வழக்கமாக விசில் ஊதுகிற அதே பஸ்ஸில் அவனை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனாள். அன்று அந்த வண்டியில் கண்டக்டர் பத்மினி. ஷோபாவைப் பார்த்ததும் முன் சீட்டில் ஒருவரை நகரச் சொல்லி இருவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தாள். இந்த ரோடில் எத்தனை வருஷம் போயிருப்பாள், உட்கார்ந்து போனதில்லை. வழியில் இவ்வளவு புளியமரம் நிற்கிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது. சிட்டிபாபு அவள் புடவை முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான், குழந்தை மாதிரி. யாராவது பார்க்கிறார்களா என்று அவள் கவலைப்படவில்லை.

கண் ஆஸ்பத்திரி வாசலில் பவ்யா காத்திருந்தாள். “நைனா” என்று அப்பாவின் கையைப் பிடித்தாள், வேறொன்றும் கேட்கவில்லை. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மறுபடி சொட்டு. மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா இளவயசு. தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். சர்க்கரையால் கண்ணின் பின்பக்க ரத்தக்குழாய்கள் பழுதாகி, வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அந்த ரத்தம்தான் புள்ளியாகவும் நூலாகவும் மிதக்கிறது என்றார். இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதை லேசர் வைத்துக் காப்பாற்றலாம்.

“வலது கண்ணு?” என்று கேட்டாள் பவ்யா.

“ஊசி போடுவோம். ரத்தம் தானே அடங்கினா நல்லது. அடங்கலன்னா ஆபரேஷன். மொதல் புள்ளி தெரிஞ்சப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஊட்ல யாரும் கவனிக்கலியா?”

ஷோபா வாயைத் திறந்தாள். பஞ்சு, பீங்கான் வளையம், ஸ்டூல், பிளீச்சிங் வாசனை என்று எல்லாம் தொண்டை வரை வந்தது. “கவனிச்சோம் மேடம்” என்றாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீட்டில் எழுதத் தொடங்கினார்.

அன்றே ஊசி போட்டார்கள். அடுத்த வாரங்களில் லேசர். ஒவ்வொரு முறையும் லீவு கேட்டு, ஷிஃப்ட் மாற்றி, யார் கையையாவது காலையாவது பிடித்து, ஷோபா அவனைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். இடது கண்ணில் கேடு மேலே ஏறாமல் நின்றுவிட்டது. பேப்பரில் தலைப்பு படிக்க முடிகிறது, பஸ் போர்டு தெரிகிறது. வலது கண்ணில் ரத்தம் பாதி அடங்கியது, மீதி அடங்கவில்லை. எதிரில் நிற்பது யார் என்று தெரியும், முகத்தில் இருப்பது சிரிப்பா அழுகையா என்று தெரியாது. ஆபரேஷன் வேண்டுமா என்பதை ஆடி கழிந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை இன்சுலின். களிக்குப் பதில் எது, சோற்றுக்குப் பதில் எது என்று ஒரு புதுச் சமையல். ஷோபாவுக்கு வேலை குறைந்தது என்று சொல்வதற்கில்லை. பஞ்சு கழுவின நேரத்தில் இப்போது ஊசி போடுகிறாள்.

தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரேஷ்மா தன் கடைத் தொட்டியில் ஊறிக்கிடந்த வளையங்கள் ஒரு பிடியை, அதிலுள்ள நல்ல கிருமி சாகாதபடி, ஈரம் காயாமல் கவரில் போட்டுக் கொடுத்தாள். அதைப் பெட்டியில் சேர்த்தபின் அந்த மூன்று மீன்களும் பிழைத்துக்கொண்டன. முரட்டு ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்தே ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

பஞ்சே இல்லாமல் விடுவதற்கு மட்டும் சிட்டிபாபு லேசில் ஒப்பவில்லை. ரேஷ்மாவுக்கே போன் போட்டுப் பேசினான். “சல்லடை இல்லாம எப்படிம்மா?” என்று அரைமணி நேரம் வாதாடினான். கடைசியில் இருவரும் ஒரு வழிக்கு வந்தார்கள். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியின் அடி மணலைக் கிளறும்போது கலங்கும் அல்லவா, அன்று மட்டும் ஒரு மெல்லிய பஞ்சுத் துண்டை வைப்பது, தண்ணீர் தெளிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவது. கழுவக் கூடாது. அதை அவன் சொன்னபோது ஷோபா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“கழுவ வோணாவா?” என்று திரும்பிக் கேட்டாள்.

“வோணா. தூக்கிப் போட்டுடு.”

சித்திரையில் ஒரு வீக்லி ஆஃப். வெயில் கண்ணைப் பறித்தது. கரண்ட் இருந்ததே பெரிய விஷயம். ஷோபா துணியெல்லாம் காயப் போட்டுவிட்டு வந்து, ஃபேனுக்குக் கீழே தொட்டியின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். எழுந்து போய்ப் படுக்க வேண்டும் என்று நினைத்தாள், எழவில்லை. மூன்று மீன்களில் ஒன்றுக்கு வாலில் வெள்ளைக் கரை. அது எப்போதும் இருந்ததா, புதிதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொன்று கழிவு போட்டபடியே, ஒரு நீளமான இழையை இழுத்துக்கொண்டு கூச்சமில்லாமல் நீந்தியது. பாசி கொஞ்சம் பிடித்திருந்தது. தண்ணீர் குறைந்திருந்தது. இன்றைக்கு இரண்டு பக்கெட் மாற்றியாக வேண்டும்.

சிட்டிபாபு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“பக்கெட் எங்க கீது?” என்று கேட்டான்.

“எதுக்கு?”

“தண்ணி மாத்த.”

“நீ தூக்குவியா?”

“பாதி பாதியா மொண்டு ஊத்தறேன். சாய்ங்காலம் வரைக்கும் ஊத்தனாலும் எனக்கு வேற இன்னா வேல?”

அவன் கீழே சிந்துவான். ஈரத்தில் கால் வழுக்கும். அப்புறம் அவள்தான் துடைக்க வேண்டும், அவனையும் தூக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

“பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி” என்று சொல்லிவிட்டு, கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து அங்கேயே தரையில் படுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போ என்று சொல்ல நினைத்தாள். சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் கண் மூடிக்கொண்டது.